அட்டையில் எழுதிய சொல்

இலங்கையில், எங்கள் ஊரில், அரசாங்கப் படிவங்களில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. போரில் கணவனைப் பறிகொடுத்தவள், கணவன் விட்டுவிட்டுப் போனவள், கணவன் எங்கே என்றே தெரியாதவள், எல்லோரையும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவார்கள். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுப்பு எரிய வழியில்லை, பட்டத்தைப் பார், தலைமைத்துவமாம் என்று நக்கலடித்தேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு இரக்கம் இருந்தது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அது யாரையும் செத்துவிட்டதாகச் சொல்லவில்லை.

நான் மொன்றியலில், சென்ட் லோரன்டில், மருந்து பொதி செய்யும் ஆலையொன்றில் வேலை செய்கிறேன். என் கணவர் இங்கேதான் இறந்தார். ஒரு ஜனவரி காலை காரின் மேல் கிடந்த பனியை வழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதன் பிறகு எந்தப் படிவத்தைத் திறந்தாலும் நான்கு கட்டங்கள். கல்யாணமானவர், ஆகாதவர், பிரிந்தவர், கடைசியில் 'வெவ்'. பிரெஞ்சில் விதவைக்கு அதுதான் சொல். முதல் தடவை அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டபோது பேனை வழுக்கியது. பத்தாவது தடவை பிறந்த திகதியை எழுதுவதுபோல் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு லேசாகிவிட்டது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அங்கேதான் தொடக்கம் என்று நினைக்கிறேன்.

கணவர் போய் நாலைந்து வருடம் கழித்து ஊருக்குப் போனேன். வன்னியில் ஒரு தகரக் கொட்டகையில் ஏழு பெண்கள் பனையோலையில் பெட்டியும் சுளகும் இழைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை நிறையப் பொருள் கிடந்தது, வாங்க ஆளில்லை. மாதத்தில் ஒருநாள் வரும் வியாபாரி அவன் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவானாம். வெளிநாட்டில் இருந்து போகிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் கனடாவில வித்துத் தாறன்" என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஏழு பேரில் ஒருத்தியின் கைதான் கை. சாயம் தோய்ப்பது அவள், பெட்டியின் விளிம்பு கட்டுவதும் அவள். அவள் கட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று கண்டுபிடிக்க முடியாது. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி. கணவர் எங்கே என்று கேட்டேன். "அவர் இன்னும் வரேல்லை அக்கா" என்றாள், கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல. போர் முடிந்த நாளில் ஆமியிடம் கையளிக்கப்பட்ட மனிதர். எத்தனையோ வருடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவளும் மாமியாரும் அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு போய், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தங்கள் இருக்கும் தெருவோரக் கொட்டகையில் இருந்துவிட்டு வருவார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று ஒரு அதிகாரி மூன்று முறை வீட்டுக்கு வந்து சொன்னாராம்.

"அது செத்த ஆக்களுக்குத்தானே அக்கா" என்றாள்.

இதையெல்லாம் என் காதால் கேட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

மொன்றியல் திரும்பியதும் வேலை தொடங்கியது. பொருட்களை விமானத்தில் எடுப்பித்து, ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் ஒரு அம்மாவின் வீட்டு நிலக்கீழறையில் அடுக்கினோம். அவர் சென்னைக்காரர், கணவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். கார் இருந்தது, மனம் இருந்தது, எல்லாவற்றையும் தானே ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற துடிப்பும் கொஞ்சம் கூடவே இருந்தது. நத்தார் வரும் டிசம்பரில் தேவாலய நிலக்கீழறைகளில் கைவினைச் சந்தை போடுவார்கள். நாங்கள் ஒரு மேசை எடுத்தோம். என் மகள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறிய அட்டை செய்தாள். அட்டையில் இழைத்தவளின் படம், கீழே பிரெஞ்சில் ஒரு வரி. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்பதை அவள் நேராக மொழிபெயர்த்தாள்: 'ஃபாம் ஷெஃப் து ஃபமிய்'. ஷெஃப் என்றால் பிரெஞ்சில் தலைவர், சமையல்காரருக்கும் அதே சொல்தான்.

ஒரு வயதான கெபெக் அம்மா கண்ணாடியைத் தூக்கி வைத்து வாசித்தார். ஷெஃப் என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. இந்தப் பெண் என்ன சமைப்பாள் என்று கேட்டார். புட்டு என்றேன், வேறென்ன சொல்ல? புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கூர்ப்பக்கம் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு, இது பிள்ளைக்குத் தொப்பியா, விளக்குக்கு மூடியா என்று கேட்டவர்களும் உண்டு. தொப்பி என்றே இரண்டு விற்றேன். மிச்சம் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, பனியில் சறுக்கிச் சறுக்கிக் காருக்குக் கொண்டுபோனோம்.

பாலத்தில் வாகன நெரிசல். காரை நிறுத்தி வைத்துக்கொண்டு புரோசார்ட் அம்மா சொன்னார்: "தலைமைத்துவம் அது இதுன்னு சுத்தி வளைச்சா யாருக்குங்க புரியும்? விடோன்னு போட்டுடுங்க. ஒரே வார்த்தை. பட்டுனு மனசுல தைக்கும்."

பின் சீட்டில் இருந்த மகள் கேட்டாள்: "அம்மா, ஏழு பேரும் வெவ்வோ?"

"ஆறு பேர் ஓம்."

"மற்ற ஆள்?"

"அதுவும் கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றேன்.

புரோசார்ட் அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. கிட்டத்தட்ட என்று சொன்னது நான். கால் விறைத்துப் போயிருந்தது, பசி, விற்காத பெட்டிகள் முதுகுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தன. இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

சொல்லை மாற்றியதும் சனம் மாறியது. அதே மேசை, அதே பெட்டி. ஆனால் அட்டையை வாசித்தவர்கள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தார்கள். சிலர் என் கையைத் தொட்டு 'மேர்ஸி' என்று நன்றி சொன்னார்கள், ஏதோ நான்தான் அவர்களுக்கு உபகாரம் செய்ததுபோல. பாண், ரொட்டி வைக்கும் கூடைகளாக இழைத்துத் தரமுடியுமா என்று நகரத்தில் ஒரு கடை கேட்டது. விளிம்பு நேராக வரவேண்டும் என்றார்கள். அப்படியென்றால் அவளுடைய கைதான். வன்னியில் கூரைத் தகரங்கள் மாறின. அவளுடைய மகள் ரியூசன் வகுப்புக்கு நடந்து போவதை விட்டுச் சைக்கிளில் போனாள். "அக்கா, பெட்டி பின்னிப் பின்னி விரல் காய்ச்சுப் போச்சு, ஆனா இப்ப ஒருத்தரிட்டையும் கை நீட்டுறேல்லை" என்று குரல்பதிவு அனுப்பினாள். அதை ஆலையில் மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். தலைக்கனம் பிடித்துத்தான் திரிந்தேன்.

அட்டையில் அவள் படத்தில் குங்குமம் பளிச்சென்று தெரியும். மேலே குங்குமம், கீழே விதவை. ஒரு வருடம் அப்படியே தொங்கியது, ஒருவரும் கேட்கவில்லை. பிரெஞ்சு வாசிப்பவர்களுக்கு நெற்றி வாசிக்கத் தெரியாது. நெற்றி வாசிக்கத் தெரிந்த எங்கள் ஆட்கள் பிரெஞ்சு அட்டையை வாசிக்க மினக்கெடுவதில்லை. இரண்டும் வாசிக்கக்கூடிய நான் விற்பதில் குறியாக இருந்தேன்.

இரண்டும் வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் பாரிசில் இருந்தார். அவளுடைய கணவரின் அக்கா.

கூடை வாங்கிய கடை தன் முகநூல் பக்கத்தில் அந்த அட்டையைப் பெரிதாக்கிப் போட்டது. அது யார் யாரிடமோ சுற்றிப் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் உடனே வன்னியில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். உன்ரை மருமகள் தம்பி செத்துப்போனான் எண்டு சொல்லி வெளிநாட்டில காசு சேர்க்கிறாள் என்று.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு ஞாயிறு காலை, நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்க, அவளுடைய அழைப்பு வந்தது. அங்கே பொழுது பட்டிருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். அவள் பணிவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? அந்த அட்டையில எழுதியிருக்கிற வெவ் எண்ட சொல்லுக்கு என்ன கருத்து? பாரிஸ் மச்சாள் ஒரு மாதிரிச் சொல்லுறா."

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிழைவிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். கடை, கூடைகள், ரியூசன், என் தலைக்கனம் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன.

"அது தனியாக் குடும்பம் நடத்துற பொம்பிளை எண்டுதான் பிள்ளை" என்றேன்.

"நான் நினைச்சனான் அக்கா. மச்சாள் பிழையா விளங்கிப்போட்டா." குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கே மாமிக்குச் சொல்லிப்போடுறன்."

சொல்லியும் விட்டாள். மாமியாருக்கு மட்டுமல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை தெருவோரக் கொட்டகையில் இருந்த எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். கனடா அக்காவிட்டையே கேட்டனான், அது அந்தச் சொல் இல்லை என்று. மாமியார் அந்த இடத்திலேயே பாரிசுக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியைப் பிடித்திருக்கிறார். இந்தச் சொல் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், வேண்டுமென்றால் அகராதியைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்று மச்சாள் சொன்னாராம். அனுப்பியும் விட்டார். மாமியார் மகனின் படத்தை அவள் மடியில் இருந்து எடுத்துக்கொண்டு கொட்டகையின் அடுத்த மூலையில் போய் இருந்துகொண்டார்.

"பொட்டை அழிச்சிட்டுப் போய் இருந்து பின்னு. என்ரை பிள்ளையைப் பெட்டியில கட்டி வித்தவள்தானே நீ" என்று சொன்னாராம்.

இதை எனக்குச் சொன்னது ஏழு பேரில் இன்னொருத்தி. விளிம்பு கட்டுகிறவள் இரண்டு கிழமை எனக்கு அழைக்கவில்லை. ஆனால் கூடைகள் மட்டும் சொன்ன நாளுக்கு வந்து சேர்ந்தன. விளிம்பில் ஒரு பிழையும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தேன். ஆலையில் நின்றபடியே அழுதேன். மருந்துத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பொய் எனக்கு அப்போது நல்ல பழக்கமாகியிருந்தது.

பிறகு ஒருநாள் அவளே தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் எனக்குப் பொய் சொல்லிப்போட்டியள்."

"ஓம்" என்றேன்.

"எனக்கு ஒரு கடிதம் வேணும். நீங்கள் எழுதினது பிழை எண்டு. பிரெஞ்சிலயும் எழுதுங்கோ, மச்சாள் வாசிக்க வேணும். தமிழிலயும் எழுதுங்கோ. கையெழுத்து வையுங்கோ. சீல் இருந்தாக் குத்துங்கோ."

எங்களிடம் சீல் ஏது? இரண்டு பெண்களும் ஒரு மேசையும்தான் எங்கள் நிறுவனம். இருந்தாலும் சரி என்றேன்.

மகளை மேசையில் இருத்தினேன். இவளுடைய கணவர் காணாமல் போயிருக்கிறார் என்று எழுது என்றேன். அவள் 'டிஸ்பாரு' என்று எழுதினாள். எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, இது சரிவராது."

"ஏன்?"

"டிஸ்பாரு எண்டாக் காணாமல் போனவர் எண்டும் வரும், செத்துப்போனவர் எண்டும் வரும். அப்பா செத்த நேரம் எங்களுக்கு வந்த கடிதத்தில இந்தச் சொல்தான் போட்டவங்கள். அந்த மச்சாள் இதை வாசிச்சா என்ன நினைப்பா?"

பிரெஞ்சுக்காரர்கள் செத்தவரைச் செத்தார் என்று சொல்ல மனமில்லாமல் மறைந்துவிட்டார் என்பார்களாம். மரியாதையாம். நல்ல மரியாதை. மகள் வேறு சொற்களைத் தேடினாள். ஒன்று பொலிஸ் அறிக்கைபோல இருந்தது, இன்னொன்று மனிதர் வீட்டைவிட்டு ஓடிப்போனதுபோல இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சுத்தி வளைக்காதை. அவளின்ரை மனுசன் சாகேல்லை, அவள் விதவை இல்லை எண்டு எழுது. அவ்வளவுதான்."

மகள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

விதவை என்று எழுதச் சொன்ன அன்று என்னிடம் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. கிட்டத்தட்ட என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். இப்போது சாகவில்லை என்று எழுதக் கை கூசியது. யாருக்குத்தான் தெரியும்? தெரிந்தவர்கள் வாயைத் திறக்கிறார்கள் இல்லை. ஆனால் அவளுக்குக் கடிதம் வேண்டும். மாமியாரின் பக்கத்தில் திரும்பப் போய் இருப்பதற்கு அவளுக்கு வேறு வழி இல்லை.

"எழுது" என்றேன். இரண்டு மொழியிலும் எழுதினாள். சாகவில்லை, விதவை இல்லை, எழுதியது எங்கள் பிழை, அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். தபாலில் அனுப்பினோம், படமும் எடுத்து அனுப்பினோம்.

கடிதம் வேலை செய்தது. மாமியார் அதை ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிப்பித்துக் கேட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாராம். மற்ற ஆறு பேரில் ஒருத்தி இதைச் சொன்னபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குத்தான் கனநாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவள் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறை போடுவித்து, ஒவ்வொரு வெள்ளியும் படத்தோடு சேர்த்துக் கொண்டுபோகிறாள் என்று கேள்விப்பட்டேன். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நவம்பரில் ஒருநாள் அவள் அழைத்தாள். கூடை எத்தனை வேண்டும், சாயம் என்ன நிறம் என்றெல்லாம் கதைத்தாள். பிறகு அதே கணக்கை இன்னொரு தடவை கேட்டாள்.

"அக்கா" என்றாள். "கடிதத்தில நீங்கள் எழுதியிருக்கிறியள், அவர் சாகேல்லை எண்டு."

"ஓம் பிள்ளை."

"கனடா பெரிய நாடு. அங்கை உங்களுக்கு ஏதும் தெரிய வந்ததோ?"

என் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருமுறை பொய் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தவள் நான். இன்னொரு பொய் நாக்கின் நுனியில்தான் நின்றது. சொல்லியிருந்தால் அன்றைக்கும் சிரித்திருப்பாள்.

"இல்லை" என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் மாமியோட சேர வேணும் எண்டுதான் அப்பிடி எழுதினனான்."

அவள் அழவில்லை. "எனக்கும் தெரியும் அக்கா. சும்மா கேட்டுப் பாத்தனான்" என்றாள். வைக்கப்போகும் நேரத்தில், "இனி என்ரை பெட்டியளுக்கு அட்டை கட்ட வேண்டாம்" என்றாள்.

அந்த டிசம்பரில் அதே தேவாலய நிலக்கீழறை, அதே மேசை. மற்றவர்களின் பெட்டிகளில் அட்டை தொங்கியது. அவை சீக்கிரமாகவே விற்றுப்போயின. அவளுடையவை மட்டும் ஒரு ஓரத்தில் வெறுமனே இருந்தன. கம்பளித் தொப்பி போட்ட ஒரு அம்மா அதில் ஒன்றைத் தூக்கி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். தொடக்கமும் முடிவும் தெரியவில்லையே என்று மெச்சினார். இதற்கு ஏன் அட்டை இல்லை என்று கேட்டார். அவளுக்கு விருப்பமில்லை என்றேன்.

"இவளும் வெவ்தானா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அட்டை கட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டார்.